சமாதானம் தேடிப் போன பாதிரியார்: தீனபந்து ஆண்ட்ரூஸ்



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கேமரன் மலையில் ஒரு மாதா கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். சங்க வேலையாகப் போயிருந்தோம்; ஆட்கள் பூசை முடிந்து வரட்டும் என்று காத்திருந்தோம். பனி இன்னும் விலகவில்லை. வெளியே வந்தவர்களில் ஓர் அக்கா நேராக நம்மிடம் வந்தார். கொழுந்து வேலையில் முப்பது வருஷம் கண்டவர்.

அவர் கேட்டது இதுதான். பூசையில் சாமியார் சொன்னதும் எல்லாரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கைகூப்பிச் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். முன் வரிசையில் இருக்கிற, மூட்டை நிறுக்கிற ஆளும் திரும்பி அக்காவுக்குக் கைகூப்புகிறார். திங்கட்கிழமை அதே ஆள் ஈரம் என்று சொல்லி மூட்டைக்கு இத்தனை கிலோ என்று கழிக்கிறார். நல்ல வெயில் நாளிலும் அந்தக் கழிவு நிற்பதில்லை. ஏன் என்று கேட்டால் தோட்டத்துச் சமாதானத்தைக் கெடுக்காதே என்று பதில் வருகிறது. அப்படியென்றால் கேட்பது பாவமா? சமாதானம் என்றால் வாயை மூடிக்கொண்டு போவதுதானா?

நாம் பாதிரியார் அல்ல. லயத்தில் பிறந்து தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். வேதத்துக்கு விளக்கம் சொல்ல நமக்குத் தகுதி இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாள் முழுவதும் பதில் தேடிய ஒரு மனிதரை நமக்குத் தெரியும். அவர் வெள்ளைக்காரர். பாதிரியார். உலகத்தில் எங்கெங்கே நம் ஜனங்கள் கூலிகளாகப் போய் அடிபட்டார்களோ அங்கெல்லாம் தேடிப் போனவர். பெயர் சார்லஸ் பிரீயர் ஆண்ட்ரூஸ். சனங்கள் அவருக்கு வைத்த பெயர் தீனபந்து. ஏழைகளுக்கு உறவுக்காரர் என்று பொருள். அவர் கதையை இந்த வாரம் சொல்கிறோம். அக்காவுக்கு அதுவே பதிலாக இருக்கட்டும்.

அப்பாவிடம் படித்த பாடம்

ஆண்ட்ரூஸ் 1871 பிப்ரவரி 12 அன்று இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தில் பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த வீடு. அப்பா ஒரு சிறு சபையின் போதகர். பிறகு குடும்பம் பர்மிங்காம் நகரத்துக்குக் குடியேறியது.

அம்மாவுக்குப் பிறந்த வீட்டுச் சொத்தாகக் கொஞ்சம் பணம் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும்படி அப்பா தம் நெருங்கிய நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்திருந்தார். அந்த நண்பர் பணத்தைச் சூதாட்டம் மாதிரியான வியாபாரத்தில் போட்டு எல்லாவற்றையும் தொலைத்துவிட்டார். குடும்பம் நொடித்துப் போனது. சின்ன வீட்டுக்கு மாற வேண்டி வந்தது. அந்தச் செய்தி வந்த காலத்தில் அப்பா வீட்டு ஜெபத்தில் முழங்கால் போட்டு, ஏமாற்றிய அந்த நண்பருக்காகவே வேண்டிக்கொண்டார். சிறுவன் சார்லஸ் அதைப் பார்த்தான். கடைசி வரை மறக்கவில்லை.

இதைக் கேட்டதும் சிலருக்குத் தோன்றும்: பார்த்தீர்களா, மன்னித்துவிட்டுப் போவதுதானே கிறிஸ்தவம்? கொஞ்சம் பொறுங்கள். அப்பா மன்னித்தது தம் வீட்டுக்கு வந்த நஷ்டத்தை. அது அவருடையது, மன்னிக்க அவருக்கு உரிமை உண்டு. அடுத்தவன் வீட்டுச் சோற்றை ஒருவன் தட்டிப் பறிக்கும்போது, போகட்டும் மன்னித்தேன் என்று சொல்ல நாம் யார்? மகன் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொண்டு வளர்ந்தார். தம்மை அடித்தவனோடு அவர் சண்டை போடவில்லை. அடுத்தவனை அடித்தவனை விடவும் இல்லை.

முதலாளியும் தொழிலாளியும்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஆண்ட்ரூஸ் ஒரு பரிசுக் கட்டுரை எழுதினார். மூலதனத்துக்கும் உழைப்புக்கும் நடக்கிற போராட்டத்தில் கிறிஸ்தவ மதத்துக்கு என்ன வேலை என்பதுதான் பொருள். பரிசு கிடைத்தது. 1896 இல் அது புத்தகமாகவும் வந்தது. பாருங்கள், இருபத்தைந்து வயசுப் பையன், பாதிரியாராகப் போகிறவன், எடுத்துக்கொண்ட விஷயம் நம்ம விஷயம்!

அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர்களில் ஒருவர் டர்ஹாம் பிஷப் வெஸ்ட்காட். பெரிய வேதப் பண்டிதர். 1892 இல் டர்ஹாம் நிலக்கரிச் சுரங்கத்தில் கூலிக் குறைப்பை எதிர்த்து வேலை நின்று போனது. ஏறக்குறைய மூன்று மாதம் அடுப்பெரியாத வீடுகள். அப்போது இந்த பிஷப் இரண்டு தரப்பையும் தம் மாளிகைக்கே வரவழைத்து, உட்கார வைத்துப் பேசி முடித்து வைத்தார். சமாதானம் என்பது பிரசங்க மேடையில் முடிகிற காரியம் அல்ல, பேச்சுவார்த்தை மேசையில் நடக்கிற காரியம் என்பதை இளைஞர் ஆண்ட்ரூஸ் அங்கே கண்டார்.

படிப்பு முடிந்ததும் சண்டர்லாந்து பக்கம் கப்பல் கட்டும் தொழிலாளிகள் குடியிருக்கும் தெருவிலும், பிறகு லண்டனில் வால்வொர்த் என்ற ஏழைகள் பகுதியிலும் ஊழியம் செய்தார். 1897 இல் குருப்பட்டம் பெற்றார். பிஷப்பின் மகன் பேசில் இவருக்கு உயிர் நண்பர். டில்லிக்கு ஊழியத்துக்குப் போன பேசில் 1900 இல் வாந்திபேதியில் இறந்துபோனார். நண்பன் விட்ட வேலையைத் தொடர வேண்டும் என்று 1904 மார்ச் மாதத்தில் ஆண்ட்ரூஸ் இந்தியாவில் வந்து இறங்கினார். டில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் ஆசிரியர்.

கொஞ்ச நாளில் கல்லூரிக்குப் புது முதல்வர் வேண்டியிருந்தது. வெள்ளைக்காரர்தான் முதல்வர் என்பது அந்தக் காலத்து வழக்கம். சுசீல் குமார் ருத்ரா என்ற இந்தியக் கிறிஸ்தவர் அங்கே நெடுங்காலம் ஆசிரியராக இருந்தவர். அவரைத் தாண்டி இன்னொருவரை உட்கார வைப்பது நியாயமில்லை என்று ஆண்ட்ரூஸ் உறுதியாக நின்றார். 1906 இல் ருத்ரா முதல்வரானார். அவருக்குக் கீழே ஆண்ட்ரூஸ் சந்தோஷமாக வேலை பார்த்தார். கோயிலில் பக்கத்தில் உட்கார வைப்பது சுலபம். வேலைக்காட்டில் தனக்கு மேலே உட்கார வைப்பதுதான் பரீட்சை.

நேட்டாலில் தமிழ்க் கூலிகள்

தென்னாப்பிரிக்காவில் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு முதல் கப்பல் 1860 நவம்பரில் சென்னையிலிருந்து போய்ச் சேர்ந்தது. ஒப்பந்தம் முடிந்தவர்கள் அங்கேயே தங்க வேண்டுமானால் தலைக்கு வருஷம் 3 பவுன் வரி என்று பிறகு சட்டம் போட்டார்கள். கூலி ஆளுக்கு அது மாதக்கணக்கான சம்பளம். கட்ட முடியாதவன் திரும்பவும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்க வேண்டியதுதான். அதுதான் அந்த வரியின் உள்நோக்கம்.

1913 இல் காந்தி தலைமையில் போராட்டம் வெடித்தது. ஜோகன்னஸ்பர்க் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் நேட்டாலில் உள்ள நியூகாசில் சுரங்கத்துக்குப் போய்த் தொழிலாளிகளை வேலையை நிறுத்தும்படி அழைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலையை விட்டு நடந்தார்கள். தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை என்ற பதினாறு வயதுப் பெண் சிறைக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பி 1914 பிப்ரவரி 22 அன்று உயிர்விட்டது நம் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த கதை.

அந்த நேரத்தில் கோகலே கேட்டுக்கொண்டபடி ஆண்ட்ரூஸும் பியர்சன் என்ற நண்பரும் இந்தியாவிலிருந்து கப்பலேறினார்கள். 1914 ஜனவரித் தொடக்கத்தில் டர்பன் துறைமுகத்தில் இறங்கினார்கள். வரவேற்க வந்தவர்களில் காந்தி யார் என்று விசாரித்து, அவர் முன்னே குனிந்து காலைத் தொட்டார் ஆண்ட்ரூஸ். வெள்ளைக்காரப் பாதிரியார் ஓர் இந்தியரின் காலைத் தொடுவதா! அந்த ஊர் வெள்ளைக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. பத்திரிகைகள் வரை அந்தப் பேச்சு போனது.

அங்கே அவர் கண்ட காட்சிகள் இரண்டு. ஒன்று, முதுகில் அடிபட்ட காயத்தோடு ஓடிவந்த ஒரு கூலி ஆள். ஆறுதல் சொல்ல ஆண்ட்ரூஸ் பக்கத்தில் போனார். வெள்ளை முகத்தைக் கண்டதும் அந்த மனிதர் அடுத்த அடி விழப்போகிறது என்று உடம்பை ஒடுக்கிக்கொண்டார். இரண்டாவது, ஆண்ட்ரூஸ் ஒரு கோயிலில் பிரசங்கம் செய்த நாள். அதைக் கேட்க வந்த காந்தியை இந்தியர் என்பதால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கிறிஸ்துவைப் பற்றி உள்ளே பேசிக்கொண்டிருந்தவருக்கு இது பிறகுதான் தெரிந்தது. உடைந்து போனார். தம் மதத்தின் பெயரால் கட்டிய சுவர் ஒன்று தமக்கும் தம் சகோதரருக்கும் நடுவே நிற்கிறது என்று கண்டார்.

பிறகு அவர் செய்தது தூது வேலை. காந்திக்கும் ஆட்சியில் இருந்த ஸ்மட்ஸுக்கும் இடையில் போய்வந்தார். இதற்கு நடுவில் இங்கிலாந்தில் அவருடைய அம்மா இறந்த செய்தி வந்தது. அந்தத் துக்கத்தையும் சுமந்துகொண்டுதான் வேலை நடந்தது. 1914 ஜனவரியில் தற்காலிக உடன்பாடு ஏற்பட்டது. அந்த ஆண்டு நடுவில் சட்டம் வந்தது. 3 பவுன் வரி ஒழிந்தது. நம் சமய முறைப்படி நடந்த கல்யாணங்களைச் சட்டம் ஏற்றுக்கொண்டது.

இதைச் சங்கத்து ஆட்கள் கவனிக்க வேண்டும். வேலைநிறுத்தம் செய்து அடிபட்டவர்கள் தொழிலாளிகள். சிறைக்குப் போனவர்கள் நம் பெண்கள். அவர்கள் நிற்காமல் இருந்திருந்தால் ஆண்ட்ரூஸுக்கு அங்கே தூது போக வேலையே இருந்திருக்காது. ஆண்ட்ரூஸ் அந்தப் போராட்டத்தை அடக்கி வைக்கப் போகவில்லை. அது கேட்ட நியாயத்தை எதிர்த்தரப்பின் காதில் ஏற வைக்கப் போனார். இவர் வெள்ளைக்காரர் என்பதால் சில கதவுகள் இவருக்குத் திறந்தன. அந்தச் சலுகையை நம்ம ஆட்களுக்காகச் செலவு செய்தார்.

பிஜித் தீவில் கிர்மிட்

அடுத்தது பிஜி. 1879 முதல் அறுபதாயிரம் பேருக்கு மேல் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் போனார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். அக்ரிமெண்ட் என்ற இங்கிலீஷ் வார்த்தை கூலி ஆட்கள் வாயில் கிர்மிட் ஆனது. லயத்தில் ஓர் அறை பத்தடி நீளம், ஏழடி அகலம். அதில் மூன்று தனி ஆட்கள், அல்லது ஒரு குடும்பம். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்ற கணக்கில்தான் கப்பலேற்றினார்கள். அதனால் குடும்பங்கள் சிதைந்தன, கொலையும் தற்கொலையும் பெருகின.

1915 கடைசியில் ஆண்ட்ரூஸும் பியர்சனும் பிஜி போனார்கள். லயம் லயமாக ஏறி இறங்கி விசாரித்தார்கள். 1916 இல் அறிக்கை வெளியானது. திட்டியோ சபித்தோ எழுதவில்லை. கண்டதைக் கணக்கோடு எழுதினார்கள். அதே ஆண்டு மார்ச் மாதத்தில் மாளவியா இந்தியச் சட்டசபையில் ஒப்பந்தக் கூலி முறையை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். வைஸ்ராய் ஹார்டிஞ்ச் கொள்கையளவில் ஏற்றார். ஏற்றதோடு சரி, ஆள் சேர்ப்பது நிற்கவில்லை. நாடு முழுவதும் கிளர்ச்சி எழுந்தது. 1917 இல் ஆள் அனுப்புவது நிறுத்தப்பட்டது. ஆண்ட்ரூஸ் திரும்பவும் பிஜிக்குப் போனார். ஏற்கெனவே அங்கே இருந்தவர்களின் மிச்ச ஒப்பந்தங்களும் 1920 ஜனவரி 1 அன்று ரத்தாயின.

நம் மலாயாவில் இந்த முறை 1910 இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை அதற்கு முன்பே வந்துவிட்டது. நம் பாட்டன் பூட்டன் பெரும்பாலும் கங்காணி கூட்டிவந்த ஆட்கள். அந்தக் கதையை இன்னொரு வாரம் எழுதுவோம்.

தேயிலைத் தோட்டத்தை விட்டு நடந்தவர்கள்

நமக்கு மிக நெருக்கமான சம்பவம் இது. அசாம் பக்கம் சர்கோலா பள்ளத்தாக்கில் தேயிலைத் தோட்டங்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு அரிசி, துணி விலையெல்லாம் ஏறிவிட்டது. கூலி ஏறவில்லை. நாளெல்லாம் வேலை செய்தும் சில அணாக்கள்தான். 1921 மே மாதம் ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தை விட்டே கிளம்பினார்கள். ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று நடந்தார்கள். சாந்துபூர் என்ற ஆற்றுத் துறைமுகத்தில் வந்து தேங்கி நின்றார்கள். ஸ்டீமர் டிக்கட் வாங்கக் காசு இல்லை.

மே 20 ராத்திரி ரயில் நிலையத்தில் படுத்திருந்தவர்கள் மேல் கூர்க்கா சிப்பாய்களை ஏவிவிட்டு அடித்து விரட்டினார்கள். பெண்களும் பிள்ளைகளும் அடிபட்டார்கள். அதோடு கூட்டத்தில் வாந்திபேதியும் பரவியது.

செய்தி கேட்டு ஆண்ட்ரூஸ் சாந்துபூர் போனார். நோயாளிகளின் நடுவில் இருந்து வேலை செய்தார். உயிர் நண்பன் பேசிலை எடுத்துக்கொண்ட அதே நோய்தான். பயப்படவில்லை. அரசாங்கத்திடம் போய், இவர்கள் ஊர் போய்ச் சேர வழிச்செலவைக் கொடுங்கள் என்று மன்றாடினார். அரசாங்கம் மறுத்தது. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நாங்கள் வரமாட்டோம், நடுநிலையாக இருப்போம் என்பது அதன் வாதம். ராத்திரியில் சிப்பாயை அனுப்பும்போது இல்லாத நடுநிலை, டிக்கட் கேட்கும்போது மட்டும் வந்துவிட்டது! கடைசியில் பொதுமக்களிடம் பணம் திரட்டித்தான் ஆட்களை அனுப்பினார்கள்.

இந்த முறை ஆண்ட்ரூஸுக்கு வெற்றி கிடைக்கவில்லை. மேசையில் உட்கார யாரும் வரவில்லை. கூலியும் ஏறவில்லை. ஆனாலும் அவர் போனார், இருந்தார், நோயாளிக்குத் தண்ணீர் கொடுத்தார், நடந்ததை உலகத்துக்கு எழுதினார். ஜெயிக்கிற இடத்துக்கு மட்டும் போகிறவர் தூதர் ஆகலாம், உறவுக்காரர் ஆக முடியாது. பிறகு அவர் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸின் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பாதிரியார் ஒருவர் தொழிற்சங்கத் தலைவர்!

அடியும் பட்டார்

சமாதானக்காரரை எல்லாரும் விரும்புவார்கள் என்று நினைக்க வேண்டாம். கிழக்கு ஆப்பிரிக்காவில் இந்தியர்களின் உரிமைக்காகப் போன சமயத்தில் வெள்ளைக்காரக் குடியேறிகள் ரயிலில் வைத்தே அவரை அடித்தார்கள். தம் இனத்தைக் காட்டிக்கொடுத்தவர் என்று பெயர் வாங்கினார். 1919 இல் ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பிறகு பஞ்சாபுக்குப் போக முயன்றபோது அமிர்தசரஸில் தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள்.

நண்பர் என்பதற்காக யாருக்கும் தலையாட்டவும் இல்லை. 1918 இல் காந்தி பிரிட்டிஷ் சேனைக்கு ஆள் சேர்க்கக் கிளம்பினார். ஆண்ட்ரூஸ் அதை ஒப்புக்கொள்ளவில்லை. காந்திக்கே எழுதி வாதாடினார். நட்பு முறியவில்லை. வாய்விட்டுச் சண்டை போட்டாலும் கைவிடாத உறவு. கணவன் மனைவிக்கும், சங்கத்து ஆட்களுக்கும் இது பொருந்தும்.

1924 செப்டம்பரில் இந்து முஸ்லிம் கலவரங்களைக் கண்டு காந்தி டில்லியில் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தார். விரதத்தைத் தொடங்கிய இடம் மௌலானா முகமது அலி என்ற முஸ்லிம் தலைவரின் வீடு. பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர் ஆண்ட்ரூஸ். அக்டோபரில் விரதம் முடிகிற வேளையில் குர்ஆன் ஓதினார்கள், உபநிஷதம் சொன்னார்கள், ஆண்ட்ரூஸ் சிலுவையைப் பற்றிய ஒரு கிறிஸ்தவப் பாட்டைப் பாடினார். மூன்று மார்க்கமும் ஒரே கட்டிலைச் சுற்றி நின்றன.

ஆண்ட்ரூஸ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொத்து சேர்க்கவில்லை. தாகூரின் சாந்திநிகேதனம்தான் அவருக்கு வீடு மாதிரி. கையில் கிடைத்ததைக் கேட்டவருக்குக் கொடுத்துவிடுவார். 1940 ஏப்ரல் 5 அன்று கல்கத்தாவில் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

அந்தச் சொல்லின் பொருள்

இப்போது அக்காவின் கேள்விக்கு வருவோம். கிறிஸ்தவ வேதத்தில் சமாதானம் என்று நாம் படிக்கிற சொல்லுக்கு எபிரெய மொழியில் ஷாலோம் என்று பெயர். சண்டை இல்லாமல் இருப்பது அதில் ஒரு சின்னப் பகுதிதான். குறையில்லாமல் முழுசாக இருப்பது என்பது அதன் வேர்ப்பொருள். வயிறு, உடம்பு, குடும்பம், அக்கம்பக்கம், கடவுளோடு உள்ள உறவு எல்லாம் சேர்ந்து முழுசாக இருப்பது. அதே வேரிலிருந்துதான் கடனை முழுசாகத் திருப்பிக் கொடுப்பது என்ற சொல்லும் பிறக்கிறது. ஒருவனுக்குச் சேர வேண்டியதில் குறை வைத்துக்கொண்டு சமாதானம் பேச அந்த மொழியே இடம் கொடுக்கவில்லை!

வேதத்தில் வரும் கதைகளும் அப்படித்தான். சகேயு என்று ஒரு வரி வசூல்காரன். இயேசு அவன் வீட்டுக்கு விருந்துக்குப் போனார். அவன் எழுந்து நின்று, அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டான். அதன் பிறகுதான் அந்த வீட்டுக்கு மீட்பு வந்ததாக இயேசு சொன்னார். காணிக்கை கொண்டுபோகும் ஒருவன், தன் மேல் ஒரு சகோதரனுக்குக் குறை இருக்கிறதென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அதைச் சரிசெய்ய வேண்டும் என்பதும் அவர் போதனை. அறுத்தவர்களின் பிடித்து வைத்த கூலி கடவுள் காதில் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதிய நிருபம் எச்சரிக்கிறது. சமாதானம் இல்லாத இடத்தில் சமாதானம் என்று சொல்லிக் காயத்தை மேலாக மூடியவர்களை எரேமியா தீர்க்கதரிசி கண்டித்தார்.

இயேசு பாக்கியவான்கள் என்று சொன்னது சமாதானம் செய்கிறவர்களை. செய்கிறவன் என்றால் அவனுக்கு வேலை இருக்கிறது. நடக்க வேண்டும், கேட்க வேண்டும், கணக்குப் பார்க்க வேண்டும், இரண்டு பக்கமும் திட்டு வாங்க வேண்டும். ஆண்ட்ரூஸ் செய்தது இதைத்தான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆண்ட்ரூஸ் ஸ்மட்ஸை வெறுத்துக்கொண்டு அவர் அறைக்குள் போகவில்லை. எதிரில் இருப்பவனும் மனிதன், மாறக்கூடியவன் என்று நம்பிப் போனார். சங்கத்து ஆட்களாகிய நமக்கு இது கஷ்டமான பாடம். மேடையில் நாலு பேரை நார் நாராகக் கிழித்துக் கைதட்டு வாங்குவது நமக்குப் பழக்கம். நாமும் செய்திருக்கிறோம். அதனால் ஒரு வெள்ளியும் கூடினதில்லை.

ஆகவே அக்கா, கேட்பது பாவம் இல்லை. நிறுக்கிற இடத்தில் கேட்பதும் கோயிலில் கைகூப்புவதும் ஒரே காரியத்தின் இரண்டு பாதி. இந்து வீட்டாருக்கும் முஸ்லிம் வீட்டாருக்கும் இதைத்தான் சொல்வோம். எந்தக் கோயிலில் கைகூப்பினாலும் தராசு ஒன்றுதான். கேட்கிற முறைதான் நம் கையில் இருக்கிறது. ஏசாமல், கணக்கோடு, கூட நாலு பேரோடு கேளுங்கள்.

இதை எழுதும்போது பேச்சுவார்த்தைக்குத் தேதி வாங்கியிருக்கிறோம். முடிவு எப்படி வரும் என்று இப்போது சொல்ல முடியாது. அக்கா எடைச் சீட்டுகளை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருக்கிறார். எந்த நாள் மழை, எந்த நாள் வெயில் என்று பின்னால் பென்சிலால் குறித்தும் வைத்திருக்கிறார். பிஜி அறிக்கை மாதிரிதான், கோபம் இல்லை, கணக்கு இருக்கிறது.

அந்த டின்னில் இன்னொருவருடைய சீட்டுகளும் இருக்கின்றன. அதே நிரையில் வேலை செய்கிற பங்களாதேஷ் தம்பி ஒருவர். அவருக்கும் அதே கழிவு. பெர்மிட் போய்விடுமோ என்ற பயத்தில் அவர் வாய் திறப்பதில்லை. நம்ம ஆள் இல்லையே, அவரை ஏன் சேர்க்க வேண்டும் என்று நம்மவர்களில் சிலர் கேட்டார்கள். அக்கா கேட்கவில்லை, சீட்டை வாங்கி டின்னில் போட்டுவிட்டார்.

சாந்துபூர் இன்றைக்கு பங்களாதேஷில்தான் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னே அங்கே தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்காக ஓர் அந்நியர் போய் நின்றார். நம்ம ஆள் இல்லையே என்று அவர் கேட்கவில்லை. பேச்சுவார்த்தை அன்றைக்கு இரண்டு பேருடைய சீட்டுகளையும் ஒன்றாகத்தான் மேசையில் வைப்போம்.